பதம் கொடுத்துக் கெடுத்தேன்

என்னிடம் படித்த ஒரு பிள்ளை போட்டியில் தோற்க வேண்டும் என்று நான் வேலை பார்த்திருக்கிறேன். நடுவரிடம் பேசவில்லை, யாருக்கும் காசு கொடுக்கவில்லை. அவளுக்கு எது ஆகாதோ அந்த உருப்படியைத் தேடி எடுத்துச் சொல்லிக்கொடுத்தேன். பார்த்தவர்கள் என்னைப் பாராட்டும்படியாகவே அதைச் செய்தேன்.

நான் விழுப்புரத்தில் வளர்ந்தவள். ஜவகர் சிறுவர் மன்றப் போட்டிகளில் 5 முதல் 8, 9 முதல் 12, 13 முதல் 16 என்று வயதைப் பிரிப்பார்கள். எல்லாப் பிரிவிலும் மேடை ஏறியிருக்கிறேன். அது போக நவராத்திரி, பள்ளி ஆண்டு விழா, கல்யாண மண்டபத்தில் நடக்கும் கலைப் போட்டி என்று வருஷம் முழுக்க முகத்தில் பான்கேக், காலில் அல்தா. மேடையில் கிடைப்பது ஐந்து நிமிஷம் என்பதால் ஐந்து நிமிஷத்துக்கு அடங்குவதை மட்டுமே கற்றேன். ஒரு புஷ்பாஞ்சலி, ஒரு கௌத்துவம், வெட்டிச் சுருக்கிய தில்லானா. வர்ணத்தை முழுசாக ஆடியதே இல்லை. அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று போய் தில்லானாவில் முடிகிற வரிசையைத் தஞ்சை நால்வர் சும்மா அமைக்கவில்லை. வர்ணத்தில் உடம்பு ஓய்ந்த பிறகு முகம் பேசட்டும் என்றுதான் பதம் வருகிறது. எனக்கோ அது பரீட்சையில் எழுதிய பதில், அவ்வளவுதான்.

கல்யாணமாகித் திண்டிவனம் வந்ததும் மாடியில் கிளாஸ் தொடங்கினேன். போர்டில் என் பெயருக்குக் கீழே ‘மாவட்ட அளவில் முதல் பரிசு’ என்று எழுதச் சொன்னேன். பிள்ளைகளை அனுப்பும் அம்மாக்கள் கேட்பதும் அதைத்தானே.

அவள் மரக்காணம் ரோட்டுப் பக்கமிருந்து வந்தாள். சாதாரணமாகப் பிள்ளைகள் தட்டடவில் இரண்டாம் காலம் வந்தாலே இடுப்பைத் தூக்கிவிடும், முட்டி உள்ளே மடங்கும், பாதம் பாதிதான் தரையில் படும். இவளுக்கு மூன்றாம் காலத்திலும் அரைமண்டி இறங்கின இடத்திலேயே நின்றது. தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தாலும் தளும்பாது. தட்டுக்கழியால் தட்டிக்கொண்டே வேகத்தைக் கூட்டினேன். சோதிக்கிறேன் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். இடுப்பு எழும்பட்டும் என்று காத்திருந்தேன். எழும்பவில்லை. அந்த அரைமண்டி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. கப்பு வாங்கிய காலத்திலும் வேகத்தையும் சிரிப்பையும் வைத்து மறைத்தவள் நான்.

அந்த வருஷம் தனி நடனத்துக்கு வேறு பிள்ளையை அனுப்பினேன். டிரெஸ், நகை வாடகை எல்லாம் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் என்னிடம் கட்டுப்படியாகாது என்று சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அவள் அம்மாவே வந்து, “மிஸ், இந்தத் தடவை பாப்பாவைத் தனியா ஆட விடுங்க மிஸ், நகை நட்டு எல்லாம் பாத்துக்கறோம்” என்றார். மறுக்க வழியில்லை. அப்போதுதான் பதத்தை எடுத்தேன். தலைவனைப் பற்றித் தோழியிடம் குறை சொல்லும் நாயகி. பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கண்ணன் வெண்ணெய் திருடுவது முகத்தில் வரும், இது எங்கிருந்து வரும்? அதோடு பதத்தில் காலுக்கு வேலை குறைவு. அவளுடைய சொத்தே காலில்தான் இருந்தது. “அபிநயம் பழகட்டும்மா, சும்மா குதிக்கறது எல்லாரும் பண்றதுதான்” என்றேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆறுதல் பரிசு கிடைத்தது. பிளாஸ்டிக் கப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் பஸ்ஸில் தூங்கிப்போனாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தக் கட்டுரையில் எழுதக் கூசுகிற வரி அதுதான்.

பின்னாளில் அயர்லாந்து நடனத்தைப் பற்றிப் படித்தேன். அங்கேயும் சின்ன வயதிலிருந்து போட்டியில் ஆடி வளர்ந்தவர்கள்தான் தேர்வு எழுதி ஆசிரியராகிறார்கள். தங்கள் மாணவர்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லி ஆசிரியர்கள் நடுவர்களிடம் பேசியதாக 2022-ல் பெரிய புகார் கிளம்பியது. தப்பென்றால் தப்புதான். ஆனாலும் அது தன் பிள்ளை ஜெயிக்கச் செய்த தப்பு. நான் செய்ததற்கு அந்தச் சமாதானம்கூட இல்லை.

நம் பக்கத்தில் பழைய நட்டுவனார்களை நினைத்துக்கொள்வேன். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் வழுவூர் ராமையா பிள்ளையும் தாளத்தோடு உட்கார்ந்து ஆட்டுவித்தவர்கள். மாணவியின் காலோடு தன் காலை ஒப்பிட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. பந்தநல்லூராரிடம் கற்ற ருக்மிணி தேவி 1935-ல் அடையாறில் ஆடினார், 1936-ல் கலாக்ஷேத்ரா தொடங்கினார். ஆடியவர்களே சொல்லிக்கொடுப்பது அதற்குப் பிறகு பரவலானது. அதில் குறை ஒன்றுமில்லை, எத்தனையோ பேர் மனசார மாணவிகளை வளர்த்திருக்கிறார்கள். மேடையை விட்டு இறங்கினால் சரி. நான் இறங்கவில்லை. என்னோடு போட்டி போட்ட விழுப்புரத்துப் பெண்கள் வங்கியிலும் பள்ளியிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது என் ஹாலில் நின்ற ஒரு குழந்தை.

அவள் பன்னிரண்டாவது முடித்து விழுப்புரம் அரசு இசைப்பள்ளியில் பரதநாட்டியம் மூன்று வருஷப் படிப்பில் சேர்ந்தாள். பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று தினமும் ரயிலில் போய் வந்தாள். என் வீட்டுப் பக்கம் வந்தால் எட்டிப் பார்க்காமல் போகமாட்டாள். ஒவ்வொரு தடவையும் காப்பி போட்டுக் கொடுத்துப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

போன மாதம் போன் பண்ணினாள். விஜயதசமிக்கு வீட்டிலேயே கிளாஸ் ஆரம்பிக்கப் போகிறாளாம், நான் வந்து விளக்கேற்ற வேண்டுமாம். என்னென்ன சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

“அடவு மட்டும்தான் மிஸ். அபிநயத்துக்கு வேற யாரையாவது கூப்பிட்டுக்கணும். எனக்குத்தான் சின்ன வயசுலேருந்தே முகம் வராதே, உங்களுக்குத் தெரியாததா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “ஆரம்பத்துக்கு அடவு போதும்மா” என்று சொல்லிவிட்டு, விளக்கேற்ற எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டேன்.