அந்த 'ஓரிரு இடம்' எது ஸார்?

'தென் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.'

மே மாதம் பிறந்துவிட்டால் ரேடியோ, டி.வி., செல்போன் எல்லாவற்றிலும் இதே பல்லவிதான். அந்த ஓரிரு இடத்தை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நான் இருக்கிற இடத்தில் அது இருந்ததே இல்லை. பாளையங்கோட்டையில் பனைவிசிறியும் கையுமாக நான் உட்கார்ந்திருப்பேன். மழை வேறு யாரோ ஓரிருவர் வீட்டு வாசலில் பெய்துகொண்டிருக்கும்!

வானிலை இலாகாக்காரர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாம் சதவீதக் கணக்கு. ஒரு வட்டாரத்தில் உள்ள மழைமானிகளில் 25 சதவீதம் வரை மழை பதிவானால் அது 'ஓரிரு இடங்கள்'. 26 முதல் 50 வரை 'ஒரு சில இடங்கள்'. 75 வரை 'பல இடங்கள்'. அதற்கும் மேலே போனால் 'பெரும்பாலான இடங்கள்'. பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரிந்துவிடுகிறது. ஓரிரு இடம் என்றால் அரியர். பெரும்பாலான இடம் என்றால் டிஸ்டிங்ஷன்.

ஆனால் ஒன்று. மழைமானி இல்லாத இடத்தில் எவ்வளவு கொட்டினாலும் அது கணக்கில் ஏறாது, ரசீது இல்லாத செலவு மாதிரி. எங்கள் ஜில்லாவில் மழைமானி இல்லாத காடும் மலையும் ஏராளம்.

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மே மாதக் காலையில், சரி, அந்த இடத்தைத் தேடியே போய்விடுவோம் என்று பாபநாசம் பஸ் ஏறினேன். பேட்டை தாண்டும்போதே ஜன்னல் கம்பி சுட்டது. பக்கத்து சீட்காரர் கர்சீப்பை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். சேரன்மகாதேவியில் கொஞ்சம் பச்சை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டோடு ஓர் ஆச்சி ஏறினார். அம்பாசமுத்திரம் வந்ததும் மேற்கே மலை எழுந்து நின்றது. அதன் தலையில் கறுப்பாக மேகம். இந்தப் பக்கம் தார் உருகுகிறது. அந்தப் பக்கம் இருட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை!

தாமிரபரணியின் மொத்த நீளமே சுமார் 128 கிலோமீட்டர்தான். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலுக்குள் போய்விடுகிறது. காவிரி மாதிரி பக்கத்து மாநிலத்திடம் கையேந்த வேண்டியதில்லை. பிறந்ததும் வளர்ந்ததும் போய்ச் சேருவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் இந்தக் குட்டி நதிக்குள் இரண்டு தேசங்கள் இருக்கின்றன. மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. நியூஸ்பேப்பரில் மழை அளவுப் பட்டியல் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் மனப்பாடம். கீழே பாளையங்கோட்டை. மேலே ஸ்வெட்டர், கீழே விசிறி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கியம்: 'நெல்லை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில்...'

மே மாத மழைக்கு ஒரு டைம்டேபிள் உண்டு. காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, காற்று மேலே கிளம்பும். கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்து அதோடு சேரும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆபீஸில் நாம் கண்ணசருகிற நேரம் பார்த்து, மலையில் இடி இடிக்கும். ஒரே ஒரு மேகம் ஒரே ஒரு பள்ளத்தாக்கில் கொட்டிவிட்டுப் போய்விடும். பக்கத்துப் பள்ளத்தாக்குக்குத் தகவலே தெரியாது. எந்தப் பள்ளத்தாக்கு என்று முதல் நாளே சொல்ல எந்த சயின்டிஸ்டாலும் முடியாது. அதனால்தான் 'ஓரிரு'. அதை வைத்து நானும்தான் ஜோக் அடித்திருக்கிறேன். ரமணன் ஸார் 2016-ல் ரிடையர் ஆகும் வரைக்கும் தமிழ்நாட்டில் அவரை வைத்து ஜோக் அடிக்காத ஆபீஸ் கேன்டீன் உண்டா? ஆனாலும் அந்த மனிதர் மேல் எல்லாருக்கும் பிரியம். லீவு விட்ட புண்ணியவான் என்று ஸ்கூல் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம்.

பாபநாசம் கோயில் படித்துறையில் கூட்டம். உச்சி வெயில், கீழே ஒரு சொட்டு மழை இல்லை. எதிரே டீக்கடை. கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். டீயை ஆற்றியபடியே ஆற்றின் மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

"மழை வருமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இங்கன வந்தா என்ன, வராட்டா என்ன தம்பி? மேல பெய்யுதான்னுல்லா பாக்கணும்!"

"மேலே பெய்யறது இங்கிருந்து எப்படித் தெரியும்?"

"எல்லாரும் வானத்தைப் பாக்காவ. நான் தண்ணியைப் பாக்கேன். தெளிஞ்சு ஓடுத தண்ணி லேசா கலங்குச்சுன்னா, சருகும் குச்சியும் மெதந்து வந்துச்சுன்னா, சத்தம் மாறுச்சுன்னா, துண்டைக் கூட எடுக்காம கரைக்கு ஏறிரணும். பொறவு யோசிச்சுக்கிடலாம்."

அவர் ரேடார் வைத்திருக்கவில்லை. ஆனால் திடீர் வெள்ளம் பற்றிப் பேரிடர் இலாகா புத்தகங்கள் சொல்லுகிற அடையாளங்களும் ஏறக்குறைய இவைதான்.

அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பழைய குற்றாலம் ஞாபகம் வந்தது. அங்கிருந்து வடக்கே, இதே மலைத்தொடரின் இன்னொரு மடிப்பு. 2019-க்குப் பிறகு தென்காசி மாவட்டம். ஆனால் அந்தப் பக்கத்துச் சிற்றாறும் கடைசியில் சீவலப்பேரியில் எங்கள் தாமிரபரணியோடுதான் சேருகிறது.

2024 மே 17. வெள்ளிக்கிழமை. ஸ்கூல் லீவு. தென் மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை இருந்த நாட்கள் அவை. பழைய குற்றாலத்தில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல், மலையில் பெய்த மழை திடீரென்று அருவியாகத் திரண்டு பாய்ந்தது. பெண்களும் பிள்ளைகளும் அலறியடித்துக்கொண்டு படியேறி ஓடுகிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓட நிமிஷக்கணக்கில்கூட அவகாசம் இல்லை. 17 வயசுப் பையன் ஒருவன் போய்விட்டான். லீவுக்கு வந்தவன்.

அந்த வீடியோவை நான் பலமுறை பார்த்தேன். எச்சரிக்கை இல்லை என்று சொல்ல முடியாது, இருந்தது. ஆனால் அது ஒரு மாவட்டம் முழுமைக்குமான எச்சரிக்கை. மாவட்டம் என்றால் சங்கரன்கோவில் கரிசல்காடும் உண்டு, அருவிக்கரையும் உண்டு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறவனுக்குத் தேவை மாவட்டத்துச் செய்தியா, தன் தலைக்கு மேலே இருக்கிற பாறையின் செய்தியா? இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தை ஒரு விசிலும் ஒரு கயிறும்தான் இன்னமும் நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த விசிலை ஊதுகிற போலீஸ்காரரைத்தான் நாம் எல்லாரும் சேர்ந்து திட்டுகிறோம். 'இவ்வளவு தூரம் வந்திருக்கோம், அஞ்சே நிமிஷம் ஸார்!'

வார்த்தைகளிலும் ஒரு சிக்கல். 24 மணி நேரத்தில் சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை. 11-க்கு மேல் மிக கனமழை. 20-ஐத் தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் வார்த்தையே கிடையாது! 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கும் அதே 'அதி கனமழை'தான். 21 ரூபாய்க்கும் 95 ரூபாய்க்கும் ஒரே பில் போட்டால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

சரி, நீங்கள் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். சீசன் எப்போது?

குற்றால சீசன் மே மாத இடிமழையால் வருவது இல்லை. அது தென்மேற்குப் பருவமழையின் தயவு. கேரளத்துப் பக்கம் மலையில் மோதிக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மிச்சம் மீதியோடு காற்று இந்தப் பக்கம் நுழையும். அந்த மிச்சம்தான் சாரல். கேரளத்தில் ஆரம்பிக்க வேண்டிய வழக்கமான தேதி ஜூன் 1. ஆனால் மழை என்ன ஆபீஸுக்குப் பஞ்ச் கார்டு அடிக்கிறதா? 2023-ல் ஜூன் 8. 2024-ல் மே 30. 2025-ல் மே 24.

உங்களுக்கு இது கேஷுவல் லீவு பிரச்னை. எங்கள் விவசாயிகளுக்கு அப்படி இல்லை. ஜூன் 1 அன்று பாபநாசம் அணை திறந்தால்தான் கார் சாகுபடி. அதனால்தான் மே கடைசியில் நெல்லைப் பக்கத்து டீக்கடைகளில் பேப்பர் வந்ததும் முதலில் அணை நிலவரத்தைத் தேடுகிறார்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இது முழுக் கொள்ளளவு. இன்றைக்கு எத்தனை என்பதுதான் கேள்வி. ஓர் அடி ஏறியிருந்தால் கடையில் இன்னொரு ரவுண்டு டீ.

அன்றைக்கு நாலு மணிக்கு மலையில் இடி கேட்டது. கடைக்காரர் எழுந்து போய்ப் படித்துறை ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தார். திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல. மேக்க மலையாளத்துப் பக்கம் பெய்யுது" என்றார். தேடி வந்த ஓரிரு இடம் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விட்டது!

வீட்டுக்கு வந்ததும் சென்னை நண்பர் போன். வருஷா வருஷம் மே கடைசியில் தவறாமல் வருகிற போன்.

"என்னப்பா, ஜூன் ரெண்டாவது வாரம் லீவு போடலாமா? சீசன் இருக்குமா?"

"போடும்வே. ஆனா விசில் ஊதினா உடனே ஏறி வந்துரணும். சம்மதமா?"

"தலையில ஷாம்பு இருந்தா?"

"ஷாம்போடத்தான்!"

"சரி, தண்ணியே விழலேன்னா?"

சாயங்காலம் இருட்டுக்கடை திறக்கிற நேரத்தைச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.