கடைசிக் கலம்

பட்ஜெட் இருக்கைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எண்களைக் கண்டுதான் மிரளுகிறார்கள். எண் பழகிவிடும். நம்பர் ஸ்டேட்மென்ட் என்ற பணியிடப் பட்டியல், திருத்த மதிப்பீடு, மறுநிதி ஒதுக்கம், மார்ச் 31-க்குள் நிதி ஒப்படைப்பு, மானியக் கோரிக்கை என்று ஒரு முழு வருஷம் சுற்றிவந்தால் கை தானாக ஓடும். எளிதில் வசப்படாதது படிவத்தின் கடைசிக் கலம்: ‘வேறுபாட்டுக்கான காரணம்’. தலைமை அலுவலகத்தில் என் உத்தியோகத்தின் பெரும்பகுதி அந்தக் கலத்தோடுதான் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

எனக்குத் தொழில் கற்றுத் தந்தது எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர் அம்மா. மாவட்டங்களிலிருந்து அறிக்கை வந்ததும் கூட்டுத்தொகையை அவர் பார்க்கமாட்டார். போன மாத அறிக்கையைப் பக்கத்தில் வைத்து, மர ஸ்கேலை வரிசைக்கு அடியில் பிடித்து, போன மாத முடிவு இந்த மாதத் தொடக்கமாக வந்திருக்கிறதா என்று பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே இறங்குவார். ஸ்கேல் நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ‘நிர்வாகக் காரணங்களால்’ என்று எவராவது எழுதியிருந்தால் அந்தத் தாளை அப்படியே திருப்பி நீட்டுவார். “தம்பி, இது காரணமில்ல. அந்த ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க.”

போன் போட்டால்தான் விஷயம் வெளியே வரும். எங்கள் துறையின் மாணவர் விடுதிக் கட்டடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கு 10, சாதனை 10 என்று வரும். விசாரித்தால் ஒரு மாவட்டத்துக்கு ‘முடிந்தது’ என்றால் பூச்சு வேலை முடிந்தது. இன்னொரு மாவட்டத்துக்குப் பொதுப்பணித் துறை சாவியை ஒப்படைத்தது. மூன்றாவது மாவட்டத்தில் திறப்பு விழாவே நடந்திருக்கும், மின் இணைப்பு வந்திருக்காது, பிள்ளைகள் பழைய வாடகைக் கட்டடத்திலேயே பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக அச்சிட்டால் கூட்டல் சரி, அறிக்கை பொய். அதனால் அம்மா அந்தச் ‘சாதனை’க் கலத்தை நான்காகப் பிரித்தார்: கட்டி முடித்த நாள், ஒப்படைத்த நாள், மின் இணைப்பு பெற்ற நாள், மாணவர் குடியேறிய நாள். மாவட்டங்கள் முணுமுணுத்தன. கடைசிக் கலத்தில் எழுத வேண்டிய காரணம், நடுவிலிருந்த அந்த நாட்களிலேயே தெரிந்துவிட்டது.

மாணவர் எண்ணிக்கையும் அப்படித்தான். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை வேறு, சேர்ந்த எண்ணிக்கை வேறு, அன்றைக்குச் சாப்பிட்ட எண்ணிக்கை வேறு. உணவுச் செலவு மூன்றாவதைப் பின்தொடரும்; இலக்குக் கலத்திலோ முதலாவதை எழுதிவிடுவார்கள். பிறகு மார்ச்சில் மிச்சம் விழும்போது காரணம் தேடி அலைவார்கள். அதனால் ஒரே படிவத்தில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும்.

அலகைப் பாருங்கள். பட்ஜெட் புத்தகம் ஆயிரத்தில் அச்சாகும், மாவட்டம் இலட்சத்தில் அனுப்பும். 12.50 இலட்சம் நம் படிவத்தில் 1,250 என்று உட்கார வேண்டும். டைப் செய்த தாளை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் மூலத்தில் விரல் வைத்துக் கேட்பதைத் தவிர இதற்கு நல்ல வழி எனக்குத் தெரியாது.

டெல்லியில் 1968-69இல் செயல்திறன் பட்ஜெட் என்றார்கள், 2005-06இல் அவுட்கம் பட்ஜெட் என்றார்கள். பெயர் எதுவானாலும் எங்கள் மேசைக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: கொடுத்த பணத்துக்கு என்ன நடந்தது, நடக்காவிட்டால் ஏன்?

ஏ.ஜி. எனும் மாநிலக் கணக்காயரின் கணக்கோடு நம் கணக்கை ஒத்துப்பார்ப்பதை மாதாமாதம் செய்யுங்கள். தேனாம்பேட்டையில் உள்ள அவர் அலுவலகத்துக்குப் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போன காலம் மாறி, இப்போது திரையிலேயே பெரும்பாலும் தெரிகிறது. ஆனால் 2225 என்ற வருவாய்த் தலைப்பில் போக வேண்டிய பழுதுபார்ப்புச் செலவை 4225-இல், அதாவது மூலதனத் தலைப்பில், போட்டால் பணம் இருக்கிறவரை கணினி பில்லை விட்டுவிடும். ஜூலையில் பிடித்தால் ஒரு திருத்தக் கடிதம் போதும். வருஷக் கணக்கு மூடிய பிறகு பிடித்தால், ஓரிடத்தில் மிச்சம், ஓரிடத்தில் மிகைச் செலவு என்று இரண்டும் அச்சேறும். மானியத்தில் அந்தப் பிரிவுக்கான மொத்தத்தையே செலவு தாண்டிவிட்டால் அரசமைப்பின் 205-ஆம் பிரிவின்படி சட்டமன்றத்திடம் போய் முறைப்படுத்த வேண்டியிருக்கும்.

ஏ.ஜி. அலுவலகம் நிதி ஒதுக்கக் கணக்கைத் தயாரிக்கும்போது வேறுபாடுகளுக்கு விளக்கம் கேட்டு எழுதும். பதில் போகாவிட்டால், காரணம் தெரிவிக்கப்படவில்லை என்றே புத்தகத்தில் அச்சாகும். அந்த வரியை எங்கள் துறையின் பெயருக்குக் கீழே பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். காரணம் இல்லாமலா பணம் மிஞ்சியது? டெண்டருக்கு யாரும் வரவில்லை, நிலம் பட்டா மாறவில்லை, ஆணை பிப்ரவரியில்தான் வந்தது. ஏதோ ஒன்று கட்டாயம் உண்டு. அதை ஒருவர் உட்கார்ந்து எழுதவில்லை, அவ்வளவுதான். ‘படுக்கைகளுக்கு விலைப்புள்ளி இருமுறை கோரியும் ஒரே நிறுவனம் பங்கேற்றதால் கொள்முதல் நடைபெறவில்லை’ என்று எழுதினால் அடுத்த வருஷம் விலைப்புள்ளியை எப்போது கோர வேண்டும் என்பது படிக்கிறவருக்குத் தெரியும்.

பொதுக் கணக்குக் குழுவின் கேள்வி பல வருஷம் கழித்து வரும். அப்போது நீங்கள் அந்த இருக்கையில் இருக்கமாட்டீர்கள். ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் கணக்குப் போட்ட தாளை, எந்த மாவட்டம் எந்தத் தேதியில் என்ன சொன்னது என்ற குறிப்போடு, கோப்பிலேயே குத்தி வையுங்கள். பென்சிலில் எழுதியதை எறிய வேண்டாம்.