நீலப் போத்தல்

எங்கள் அம்மம்மாவின் றங்குப் பெட்டியில், கூறைச்சேலைக்கு அடியில் ஒரு சிறிய நீலநிறச் சென்ற் போத்தல் இருந்தது. கொழும்பில் எழுதுவினைஞராக வேலை பார்த்த அம்மப்பா, கலியாணமான புதிதில் வாங்கிக் கொடுத்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அது வெறும் போத்தல்தான்.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஆறு வயது. காணி உறுதி, நகை, அரிசி என்று அம்மா அவசரமாகக் கட்டிக்கொண்டிருக்க, அம்மம்மா அந்தப் போத்தலைச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டார். "வெறும் போத்தலை ஏனம்மா காவிறியள்?" என்று அம்மா ஏசியது இன்றும் என் காதில் நிற்கிறது.

அம்மம்மா இறந்த பிறகுதான் போத்தலில் ஒட்டியிருந்த பெயரைத் தேடிப் பார்த்தேன். 'ஈவினிங் இன் பாரிஸ்'. பிரான்சின் பூர்ஷுவா நிறுவனம் 1928ஆம் ஆண்டு வெளியிட்டது. ஆக்கியவர் ஏர்னஸ்ட் போ. 1921இல் 'ஷனல் நம்பர் 5' என்ற பெயர்பெற்ற சென்றைச் செய்தவரும் அவரே. ஆனால் இது சாதாரண பெண்களும் வாங்கக்கூடிய விலையில் விற்கப்பட்டது. பின்னர் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 1990களில் அதே பெயரில் மீண்டும் வந்தாலும், பழைய மணம் அதில் இல்லை என்று சொல்பவர்கள் பலர். பழைய போத்தல்களைத் தேடி வாங்குவோர் இன்றும் இருக்கிறார்கள்.

பழைய சென்றுகளை அப்படியே திரும்பச் செய்வது கடினம். அவற்றில் சேர்த்த ஓக் மரப்பாசி போன்ற சில பொருட்கள் தோலுக்கு ஒவ்வாதவை என்று கண்டு, இப்போது கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். இருக்கும் போத்தலையும் வெளிச்சமும் வெப்பமும் காற்றும் பழுதாக்கிவிடும். அதனால் பிரான்சின் வெர்சாய் நகரில் 1990ஆம் ஆண்டு 'ஒஸ்மோதெக்' என்ற மணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். அங்கே சென்றுகளை இருட்டில், 12 பாகை செல்சியஸ் குளிரில், காற்றுப் படாமல் ஆர்கன் வாயு நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு வேறொரு தாயின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வன்னியில் நான் வேலை செய்த ஒரு கிராமத்தில், 2009இல் காணாமற்போன மகனின் சேட்டை அவர் தோய்க்காமல் ஒரு பைக்குள் கட்டி வைத்திருந்தார். இடைக்கிடை அவிழ்த்து முகர்ந்துவிட்டு மீண்டும் கட்டுவார். அப்போது நான் வேலைக்குப் புதிது. பட்டப்படிப்பு முடித்த துணிவில், "அம்மா, இதைத் தோய்ச்சு வையுங்கோ. இப்பிடியே இருந்தால் நீங்கள் இதில இருந்து வெளியில வர மாட்டியள்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையை என் கண்ணுக்குப் படாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தார். அதன்பின் என்னோடு மகனைப் பற்றிப் பேசவும் இல்லை.

மணம், மூளையில் உணர்வும் நினைவும் உள்ள பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிட நேராகப் போய்ச் சேருகிறது என்று விஞ்ஞானம் சொல்கிறது. அந்தத் தாய் அதைப் படிக்காமலே அறிந்திருந்தார். பாரிசுக்குப் பக்கத்தில் நிபுணர்கள் செய்யும் வேலையை அவர் ஒரு பையையும் ஒரு கயிற்றையும் வைத்துக்கொண்டு செய்துவந்தார். நானோ அதை நோய் என்று நினைத்தேன்.

பல வருடங்களின் பின் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மூடி இறுக்கமான ஒரு பிஸ்கட் ரின்னும் கொண்டுபோனேன். அவர் சிரித்தார். "மணம் எப்பவோ போட்டுது பிள்ளை. எண்டாலும் தோய்க்க மனம் வரேல்ல" என்றார். பிறகு சேட்டை மடித்து அந்த ரின்னுக்குள் வைத்தார். அன்று மகனைப் பற்றி வெகுநேரம் கதைத்தார்.

சகோதரிகளே, உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கலாம். சுத்தமான, ஈரமில்லாத ரின்னில் இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடிக்கடி திறக்காதீர்கள். அதை எறியச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. என்னைப் போன்ற உத்தியோகத்தருக்கும் இல்லை.

அம்மம்மாவின் நீலப் போத்தல் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. அதில் மணம் இல்லை. அம்மா இப்போது ஏசுவதுமில்லை.