பள்ளிக்கரணையில் ஒரு காலை

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் பள்ளிக்கரணை சதுப்புநிலப் பூங்காவுக்குப் போயிருந்தோம். அவளுக்கு முட்டிவலி. ஐந்து நிமிடம் நடந்தால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். அதனாலேயே நிறையப் பார்த்தோம். கோரைக்குள் நீல நிறத் தாழைக்கோழிகள், தள்ளிக் கூழைக்கடாக்கள், இன்னும் தூரத்தில் ஒரு கூட்டம் பூநாரைகள். ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, மறுபக்கம் அடுக்குமாடிகள், நடுவில் இவை.

திடீரென்று மனைவி, "நம்ம வீட்டுப் பக்கம் தவளைச் சத்தமே இப்ப இல்ல, கவனிச்சீங்களா?" என்றாள்.

1989-ல் வேளச்சேரிப் பக்கம் மனை வாங்கினேன். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். லாரி லாரியாக மண் அடித்து மேடாக்கித்தான் வீடு கட்டினேன். முதல் சில வருடங்கள் இரவெல்லாம் தவளைகள் கத்தும், தூக்கம் வராது. சுற்றிலும் வீடுகள் வந்தபின் சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

ஒரு காலத்தில் இந்தச் சதுப்பு சுமார் 5,000 ஹெக்டேர். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,248 ஹெக்டேர்தான். தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடல் சேர வேண்டும். தங்க இடமில்லாவிட்டால்? 2015 டிசம்பரில் எங்கள் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். ஏரியைத் திறந்தவர்களைத் திட்டினேனே தவிர, நான் அடித்த மண் அன்று ஞாபகம் வரவில்லை.

பூங்காவுக்குப் போய் வந்த அடுத்த வாரம் குடியிருப்போர் சங்கக் கூட்டம். தெருக்கோடியில் மழைநீர் தேங்கும் பள்ளத்தைக் கட்டட இடிபாடு கொட்டி மூடி, கார் நிறுத்தலாம் என்று மனு. நான் கையெழுத்துப் போடவில்லை.

"உங்களுக்கென்ன சார், நீங்க வீடு கட்டி உக்காந்துட்டீங்க" என்றார் ஓர் இளைஞர்.

அவர் சொன்னது நியாயம்தான். பதில் பேச முடியவில்லை. ஆனாலும் பேனாவை வாங்கவில்லை. நான் ஒரு மனையை மூடினேன் என்பதற்காக மிச்சமிருப்பதையும் மூட வேண்டுமா? மனு இப்போதைக்கு நிற்கிறது.

மார்கழி, தையில் நீங்களும் காலையில் ஒருமுறை போய் வாருங்கள். வேளச்சேரிப் பக்கம் வீடு கட்டியவர்கள் அவசியம் போக வேண்டும்.