குளிராத ஏசியும் 22,000 ரூபாயும்

தோழர்களே, இந்த முறை ஒரு பழைய காரின் ஏசியைப் பற்றி எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டில் யாராவது வாடகைக் கார் ஓட்டுகிறார்கள், அவர்களுக்காகவும்தான்.

அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வேலூர் வெயிலில் பேருந்தில் அலைய முடியாது என்றுதான் கடன் வாங்கி, 15 வருடம் ஓடிய சின்னக் கார் ஒன்றை வாங்கினோம். ஏப்ரலில் ஏசி போட்டால் அனல் வந்தது. குமிழை நீலத்துக்குத் திருப்பினாலும் சிவப்புக்குத் திருப்பினாலும் ஒரே சூடு. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் பானட்டைக்கூடத் திறக்காமல், "கம்ப்ரசர் போச்சு, கூலிங் காயிலும் மாத்தணும், 22,000 ஆகும்" என்றார்கள்.

மெக்கானிக் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனுக்கு போன் செய்தேன். "அண்ணே, பணத்தை எடுக்காதீங்க. மொதல்ல குழாயத் தொட்டுப் பாருங்க" என்றான்.

ஏசி ஓடும்போது, பானட்டுக்குள் கூலிங் காயிலில் இருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் தொட்டேன். சில்லென்றுதான் இருந்தது. அப்படியானால் கேஸும் கம்ப்ரசரும் வேலை செய்கின்றன. குளிர் உருவாகிறது, உள்ளே வந்து சேரவில்லை.

காரணம் எளிமையானது. டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கென்று ஒரு சின்ன ரேடியேட்டர் உண்டு, என்ஜின் சுடுநீர் அதில் ஓடும். குளிர்ந்த காற்று அதன் வழியாகப் போவதா, ஒதுங்கிப் போவதா என்பதை ஒரு மடல் தீர்மானிக்கிறது. பழைய கார்களில் குமிழையும் மடலையும் இணைப்பது வெறும் கம்பி. அந்தக் கம்பியின் உறையைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்தால் குமிழ் திரும்பும், மடல் நகராது.

தங்கையைக் குமிழைத் திருப்பச் சொல்லி, டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். உறைதான் முன்னும் பின்னும் நகர்ந்தது. குமிழை முழு நீலத்தில் வைத்து, மடலின் நெம்புகோலைக் குளிர்ப்பக்கம் கடைசிவரை தள்ளி, உறையைப் புதுக் கிளிப்பால் இறுக்கினேன். செலவு 40 ரூபாய்.

இன்னொரு கோளாறும் உண்டு. முதலில் நன்றாகக் குளிர்ந்து, அரை மணி நேரத்தில் காற்றே குறைந்து, அணைத்துவைத்தால் மீண்டும் சரியாகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. கம்ப்ரசரை நேரத்துக்கு நிறுத்தவேண்டிய சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும், அதையும் அளக்கச் சொல்லுங்கள். கேஸ் குழாயை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள், அழுத்தத்தில் இருக்கும்.

யாராவது பெரிய தொகை சொன்னால், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்? காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்கு மெக்கானிக் படிப்பு தேவையில்லை. மிச்சமான பணம் அம்மாவின் மருந்துக்குப் போனது.