சுவரில் ஊறும் ஈரம்

வீட்டுச் சுவரில் ஈரம் ஊறினால் அதை முதலில் அறிபவர்கள் சகோதரிகளாகிய நீங்கள்தான். அலுமாரியைத் திறந்ததும் வரும் பூஞ்சண வாடையும், சுவரோரம் கிடந்த தலையணையின் குளிர்ச்சியும், காலையில் மத்ரஸாவுக்குப் போய் அஸருக்குப் பின் வீடு திரும்பும் என் போன்றவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

எங்கள் வீடு காலிக் கோட்டைக்குள் இருக்கிறது. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய பழைய தடித்த சுவர்கள். 2017ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவ மழையின்போது பிள்ளைகள் படுக்கும் அறையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்தது. மனைவி சொன்னார். நான் பெயின்ட் அடித்தேன். மறு வருடமும் சொன்னார். மேசனைக் கூப்பிட்டுக் கெட்டியாகச் சீமெந்து பூசுவித்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. சில மாதங்களில் ஈரம் சீமெந்துக்கும் மேலே, இடுப்பளவுக்கு ஏறிவிட்டது.

அந்தச் சுவரோரம் படுக்கும் இளைய மகளுக்கு இரவிரவாக இருமல், இழுப்பு. மருந்து எழுதிய வைத்தியர், "பிள்ளை படுக்கிற அறையில் பூஞ்சணம் இருக்கிறதா?" என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது இதுதான்: "நீங்க வுழூ எடுக்கிற பைப்படியைக் கொஞ்சம் போய்ப் பாருங்களேன்."

அந்தச் சுவரின் மறுபக்கம்தான் முற்றத்துப் பைப். கான் உடைந்து, நான் முழுதாகத் திறந்துவிடும் தண்ணீர் சுவரின் அடியிலேயே தேங்கி நின்றது. வுழூவில்கூட வீண்விரயம் கூடாது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவன் நான்!

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நிலத்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் அதனூடாக வெளியேறிக் காய்ந்துவிடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. போக்கிடமில்லாத ஈரம் மேலே ஏறுகிறது.

பைப்பைத் தூர மாற்றி, கானைத் திருத்தி, சீமெந்தைக் கொத்தி எடுத்தோம். பூஞ்சணத்தை ஈரத் துணியால் துடைத்தோம். உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் அது தூளாகி மூச்சோடு உள்ளே போகும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். பழஞ்சுவர் உலர ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அதன் பிறகே சுண்ணாம்பு பூசினோம்.

உங்கள் வீட்டில் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறதா, மழை பெய்தால் மட்டும் மேலே தோன்றுகிறதா என்று பாருங்கள். மேலே என்றால் ஓட்டையும் பீலியையும் பார்க்க வேண்டும். கோடையிலும் காயாத ஒற்றை இடமென்றால், உள்ளே பைப் கசிகிறதோ என்று பாருங்கள். பெயின்ட் வாங்குவதெல்லாம் பிறகு.

மகளுக்கு இருமல் வெகுவாகக் குறைந்துவிட்டது. கட்டிலை மட்டும் இன்னும் எதிர்ச் சுவரோரமே போட்டிருக்கிறோம். நான் மறந்து பைப்பை முழுதாகத் திறந்தால், உள்ளேயிருந்து மனைவி தொண்டையைச் செருமுவார்.