ரெண்டு மர நாற்காலியும் கொஞ்சூண்டு தங்க மெழுகும்



நம் ஆலய மண்டபத்தில் மணமக்கள் உட்காரும் அந்த ரெண்டு பழைய மர நாற்காலிகளை வீசிடலாமா, வச்சுக்கலாமா என்று போன மாசம் வாட்ஸ்அப் குரூப்பில் நிறைய பேர் பேசினீங்க. "அதைப் பார்த்தாலே கல்யாணக் களை போயிடுது"ன்னு ஒரு அக்கா எழுதினாங்க. அவங்க சொன்னதில் தப்பே இல்லை. அதனாலதான் தொண்டூழியர்கள் நாங்க நாலு பேர் சனிக்கிழமைகளில் அதை எடுத்து வேலை பார்க்கிறோம். என்ன செய்றோம், ஏன் செய்றோம்னு எல்லாருக்கும் தெரியணும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நாற்காலி பார்க்க நல்லா இல்லைன்னா என்ன ஆகுது? வசதி உள்ளவங்க டெக்கரேஷன்காரரைக் கூப்பிட்டு சோபா போட்டுக்கிறாங்க. அது அவங்க இஷ்டம். வசதி இல்லாதவங்களும் போட்டோவில் அசிங்கமா தெரியுமேன்னு கடன் வாங்கி அதையே செய்றாங்க. ஓவர்டைம் செஞ்சு பிள்ளையைக் கட்டிக் கொடுக்கிற அம்மாக்களை நாங்க தினமும் தொழிற்சாலையில் பார்க்கிறோம். ரெண்டு மணி நேரம் உட்காரும் நாற்காலிக்கு அவங்க சம்பளம் போகக்கூடாது. எங்களுக்கு அதுதான் முதல் காரணம்.

ரெண்டாவது காரணம், இது தோட்டத்துக் கோயிலிலிருந்து வந்த நாற்காலி. ரப்பர் தோட்டத்தை வீடமைப்புக்கு எடுத்தப்ப சாமியோடு சேர்த்து லோரியில் ஏத்திக் கொண்டு வந்தோம். தோட்டத்து ஆசாரி ஒருத்தர் மெரந்தி மரத்தில் செஞ்சதுன்னு பெரியவங்க சொல்வாங்க. அவர் பேர்கூட இன்னைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்னாடியும் யாராவது ஒரு டின் தங்கப் பெயிண்ட் வாங்கி மேலேயே பூசிட்டாங்க. பக்தியில் செஞ்சதுதான். ஆனா பூசப் பூச பள்ளமெல்லாம் அடைஞ்சு, மயில் எது, மாங்காய் எதுன்னே தெரியாமப் போச்சு.

முதல் ரெண்டு சனிக்கிழமை சுரண்டுறதுலயே போச்சு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் வெறுமனே மணல்தாள் போட்டுத் தூசி கிளப்பலை. பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டி, அப்புறம் தண்ணி தொட்டுத் தேய்ச்சோம். மாஸ்க், கையுறை இல்லாம யாரையும் பக்கத்தில் விடலை. சூப்பர்வைசர் புத்தி, கோவிச்சுக்காதீங்க. கடைசி அடுக்கு வந்தப்ப, மயில் தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியா உளியால் போட்டிருக்கிறது தெரிஞ்சது. கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

மரம் காய்ஞ்சதும் பிரைமர் ஒண்ணு, அரக்குச் சிவப்பு அக்ரிலிக் பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சோம். "மறுபடி தங்க ஸ்ப்ரே அடிச்சா அரை மணி நேரத்தில் முடிஞ்சிடும்ணே"ன்னு ஒரு தம்பி சொன்னார். முடியும்தான். ஆனா ஸ்ப்ரே மேடு பள்ளம் பார்க்காது, எல்லாத்தையும் ஒரே நிறமாக்கிடும். மெழுகை லேசாத் தேய்ச்சா மேட்டில் மட்டும் பிடிக்கும், பள்ளத்தில் சிவப்பு அப்படியே நிக்கும். ஆசாரி செதுக்கினது கண்ணுக்குத் தெரியும்.

இந்தத் தங்க மெழுகில் தங்கம் கிடையாது. மெழுகு, அதை இளக்க ஒரு கரைப்பான், மினுமினுப்புக்கு உலோகத் தூள் இல்லைன்னா மைக்கா தூள். அவ்வளவுதான். பித்தளை மாதிரித் தூள் நாளாக ஆகக் கறுக்கலாம், மைக்கா கறுக்காது. வாங்கும்போது கேட்டு வாங்குங்க. நாங்க வாங்கினது 15 மில்லி ட்யூப். ஒரு நாற்காலிக்குப் போக மிச்சம் இருக்கு.

வீட்டில் பழைய அலமாரி, மேசை வச்சிருக்கவங்களும் செய்யலாம். பெயிண்ட் நல்லாக் காயணும். நம்ம ஊர் ஈரக் காத்துக்கு நாங்க ஒரு வாரம் விட்டோம். வார்னிஷ் அடிக்கணும்னா மெழுகுக்கு முன்னாடியே அடிச்சிடுங்க, மெழுகு மேல அது சரியாப் பிடிக்காது. துணியில் ஒரு பட்டாணி அளவு எடுத்து, முதலில் அட்டையில் தேய்ச்சுக் குறைச்சுக்குங்க. துணி கிட்டத்தட்ட வெறுமையா இருக்கும்போதுதான் மரத்தில் வைக்கணும். அதிகமாயிட்டா டர்பென்டைன் லேசாத் தொட்ட துணியால் உடனே துடைக்கலாம். தின்னர் வேண்டாம், பெயிண்டையே கரைச்சிடும். மறுநாள் மெத்துத் துணியால் தேய்ச்சா பளபளப்பு வரும். டர்பென்டைன் துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடாதீங்க, சீக்கிரம் தீப்பிடிக்கும். வெளியே விரிச்சுக் காய வைங்க.

இன்னொண்ணு, பட்டுச் சேலை. மெழுகு சரியா இறுகலைன்னா துணியில் ஒட்டிக்கும். அதனால் கை வைக்கிற இடம், உட்காரும் இடம், முதுகு படும் இடம் எதிலும் மெழுகு இல்லை, அங்கெல்லாம் வார்னிஷ் மட்டும். தலைக்கு மேல வர்ற மயிலிலும் மாங்காயிலும் மட்டும்தான் தங்கம். சூட்டில் மெழுகு இளகும் என்பதால் குத்துவிளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கோம். மூணு வாரம் கழிச்சு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்ச்சுப் பார்ப்போம். துணி வெள்ளையாவே இருந்தாத்தான் பாஸ். இல்லைன்னா மண்டபத்துக்குப் போகாது.

தங்கம் ரொம்பக் கம்மியா இருக்கேன்னு பார்த்த சிலர் கேட்டாங்க. கம்மிதான். எல்லா இடத்திலும் பூசினா எதுவும் தெரியாதுன்னு இத்தனை வருஷப் பெயிண்டைச் சுரண்டினப்பவே பார்த்துட்டோம்.

ஒரு நாற்காலிக்கு மெழுகு தேய்ச்சாச்சு, இறுகணும். இன்னொண்ணு இன்னும் சுரண்டுற கட்டத்தில்தான் நிக்குது. வர்ற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வர முடிஞ்சவங்க வாங்க, பழைய பனியன் துணி இருந்தா கொண்டு வாங்க. பிள்ளைகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கவங்க ஆலய அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. இந்த நாற்காலிக்கு வாடகை கிடையாது.